பரங்கிக்காய்க் காபியும் அபிதகுஜாம்பாளின் மூக்கும்

என் மனைவியின் பெயர் அபிதகுஜாம்பாள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, கேஸ் புத்தகத்தில் இன்னொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவள் அபிதா. சேலையூரில் வீடு கட்டிக்கொண்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி யார் கேட்டாலும் நான் அவள் மூக்கில்தான் ஆரம்பிப்பேன்.

அப்படி ஒரு மூக்கு. கிண்டியில் வேலை முடித்து, எலெக்ட்ரிக் ட்ரெயினில் நசுங்கி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் ஸ்டேஷன் பக்கம் பஜ்ஜி தின்றது அவளுக்குத் தெரிந்துவிடும். அதுவும் வாழைக்காயா மிளகாயா என்பது வரைக்கும். மேற்குத் தாம்பரத்தில் யக்ஞநாராயணன் கடையில்தான் எங்களுக்குக் காபிப்பொடி. அரைத்ததில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு, சிக்கரி கூடுதல் என்று இவள் சொன்னால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். இனிமேல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் சாம்பசிவன் சார் என்று என்னிடம் தனியாகக் கெஞ்சியிருக்கிறார்.

போன ஆகஸ்டில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, போகிறபோது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகையை மூக்கில் வைத்துத் தேய்த்தாள், ஒன்றுமில்லை. காது மூக்கு டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஒரே பெண் மிருதுளாவுக்குத் தலைப்பிரசவம் வருகிற நேரம் அது. பெங்களூரில் வேலை. வளைகாப்பு முடிந்ததும் இங்கே வரவேண்டும், அதுதானே வழக்கம். மாப்பிள்ளை நிகிலின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சம்பந்திக்கு உடம்பு சரியில்லையென்றால் எதற்குச் சிரமம், கோயம்புத்தூரில் எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பால் திரிந்ததும் கேஸ் கசிவதும் தெரியாத ஒருத்தி சமைத்தால் அவர் கவலைப்படாமல் என்ன செய்வார்? அன்று சாயங்காலமே அபிதா, எனக்கு வாசனை வந்துவிட்டது என்று அறிவித்தாள்.

அங்கே பிடித்தது எனக்குக் குழப்பம். வந்துவிட்டதென்றால் ரசத்தில் பெருங்காயம் ஏன் இல்லை? ஒருநாள் மதியம் சமையலறை முழுக்க கேஸ் வாடை. அடுப்பு திறந்திருக்கிறது, நெருப்பு இல்லை. இவள் அதே மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து மூடினேன். இப்போதுதான் திறந்தேன், லைட்டரைத் தேடினேன் என்றாள். சரி, பொய் சொல்கிறாள் என்று நான் முடிவுகட்டியபோது, மறுநாள் வாசலிலேயே நிறுத்தி, பஜ்ஜியா என்றாள். பஜ்ஜிதான். எதை நம்புவது? கேட்டால் கோபம் வந்துவிடும். ஏற்கெனவே போனில் மகளிடம், உங்கப்பா என்னைப் போலீஸ் மாதிரி பார்க்கிறார் என்று புகார்.

இந்த நிலைமையில்தான் மிருதுளா அந்தக் காபியைக் கேட்டாள். அவள் ஆபீஸ் பக்கத்துக் கடையில் இலையுதிர்காலத்துக்கென்று ஒரு காபி போடுகிறார்களாம். பரங்கிக்காய், பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் சேர்த்து. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய் அதிலேயே நிற்கிறது. வீட்டில் போட்டுக் கொடு அப்பா என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறாள், கேட்டது திங்கட்கிழமை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இலையுதிர்காலம் என்றால் எது? இங்கே ஐப்பசி மழை கொட்டி, வேளச்சேரி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் தெருவில் எந்த மரமும் இலையை உதிர்க்கவில்லை. பரங்கிக்காய் கூட்டுக்கு, பட்டை பிரியாணிக்கு, சுக்கு சளிக்கு. மூன்றையும் காபியில் போட்டால் அது விருந்தா மருந்தா? மிருதுளா அனுப்பிய செய்முறையை அபிதாவிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நீங்களே போடுங்க, நான் ருசி பார்த்துச் சொல்றேன் என்றாள். சமையலறையில் என்னை ஒரு கரண்டி தொடவிடாதவள் அப்படிச் சொன்னதும் குழப்பம் இன்னும் கூடியது.

புதன்கிழமை காலை இறங்கினேன். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, வெல்லம் போட்டுக் கிளறினேன். அதுவரை தப்பில்லை. பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காயை மிக்சியில் நைசாகப் பொடித்தேன். செய்முறையில் அதைப் பாலில் கலக்கச் சொல்லியிருந்தார்கள். நான் யோசித்தேன். காபியின் சாரம் ஃபில்டரில்தானே இறங்குகிறது, இவற்றின் சாரமும் அங்கேயே இறங்கட்டுமே. விருந்தாளிகளுக்கான பெரிய ஃபில்டரை எடுத்து, காபிப்பொடியோடு அரைத்தது முழுவதையும் கொட்டி, அமுக்கி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அரைமணி நேரம் ஆயிற்று. கீழ் அடுக்கில் ஒரு சொட்டு இல்லை. தட்டினேன். ஆவி போகிற மாதிரி மூடியைத் திறந்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியை விட்டுப் பார்த்தால், பட்டைத்தூள் வெந்நீரில் ஊறிப் பசையாகி, காபிப்பொடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டிருக்கிறது. போஸ்டர் ஒட்டலாம், அப்படி ஒரு கொழகொழப்பு. கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன், மழை அடித்துக்கொண்டு போயிற்று. டப்பாவில் வேறு பட்டையோ கிராம்போ இல்லை.

அபிதா வாசல் போர்டிகோவில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சின்ன ஃபில்டரில் காலையில் மிஞ்சியிருந்த டிகாக்‌ஷனை எடுத்து, பாலில் பரங்கிக்காய் மசியலைக் கலந்து, ஒரு டம்ளர் சூடாகக் கொண்டுபோனேன். நடந்த கூத்தைச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்றுதான் போனேன். அவள் டம்ளரை வாங்கி, கண்ணை மூடி, ஆழமாக முகர்ந்தாள்.

"பட்டை வாசனை கும்முனு தூக்குதுங்க," என்றாள். ஒரு வாய் குடித்தாள். "கிராம்பும் நல்லா இறங்கியிருக்கு. ஜாதிக்காய்தான் கொஞ்சம் கூடிப்போச்சு, மிருதுவுக்குக் குறைச்சுப் போடுங்க."

இத்தனை நாள் எது நிஜம் என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவன், தெரிந்ததும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பாவி முகத்தில் அத்தனை சந்தோஷம், மேடையேறி மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெள்ளிக்கிழமை பெண் வருகிறாள், அவள் வயிற்றில் ஒரு உயிர், சமையலறையில் சிலிண்டர். முடியவில்லை.

"அபிதா, அதுல பட்டையே இல்ல. எதுவுமே இல்ல. எல்லாத்தையும் கொல்லையில கொட்டிட்டேன்," என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கை பூவைத் தேடியது, தொடுக்கவில்லை. கேஸைப் பற்றிச் சொல்லுவாள், சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"மிருது கைக்குழந்தையா இருந்தப்ப, உச்சந்தலைய மோந்து பார்த்தே பசியா தூக்கமான்னு சொல்லிடுவேன். இந்தக் குழந்தைய நான் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அதுக்கு மேல, கோயம்புத்தூர்ல போய் ஒரு ஓரமா நின்னு பார்த்துட்டு வரச் சொல்றீங்களா?"

இரண்டு மாதமாக நான் கேஸ் குமிழையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடையன். பஜ்ஜியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை என்றாள்.

போனை எடுத்து மகளை நானே கூப்பிட்டேன். வேண்டாம் என்று அபிதா கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு மூக்கு சரியாகவில்லை, வந்துவிட்டது என்றது பொய், அடுப்புப் பக்கம் இனி நான்தான், எனக்கோ காபிகூடப் போடத் தெரியவில்லை, இதற்கு மேல் எங்கே வருவது என்று நீயே முடிவு செய் என்றேன்.

"தெரியும்பா. போன மாசம் அம்மா அனுப்பின பருப்புப்பொடி ஒரே காரல் வாடை, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். நான் எங்கம்மா வீட்டுக்குத்தான் போறேன்னும் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வரேன்," என்றாள் மிருதுளா.

அபிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காய்ச்சலில் அழாதவள், டாக்டர் கைவிரித்த அன்று அழாதவள், பூவெல்லாம் மடியிலிருந்து சரிய அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இது சந்தோஷமா துக்கமா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை என்றேன்.

"எனக்கும் தெரியலைங்க," என்றாள்.