அரக்கோணத்திலிருந்து எண்ணூர் வரை: இடுப்பு எலும்பைப் படம் பிடிக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆண் நாயை வெளியூருக்கு இனச்சேர்க்கைக்குக் கொண்டுபோவது பற்றி இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். எழுபதுகளின் நடுவில் நான் போன பயணத்தைச் சொல்கிறேன். அப்போது அரக்கோணத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். என் அல்சேஷன் ராணாவுக்கு மூன்று வயது. ராயபுரம் பிலோமினா அக்காவிடம் பெல்லா என்ற பெண் நாய் இருந்தது. கண்காட்சியில் கோப்பை வாங்கிய நாய். நான் ராணாவைக் கொண்டுவருவதாகச் சொன்னதும் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இரண்டு நாய்க்கும் இடுப்பில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பிறகுதான் மற்றது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளுயரச் சுவரைத் தாண்டுகிற நாய்க்கு எக்ஸ்ரே எதற்கு? இருந்தாலும் கிளம்பினேன். சென்ட்ரலுக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். ரயிலில் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் ராணா, பக்கத்துப் பெட்டியில் நான். வெளியே வந்ததும் இரண்டு டாக்சிகள் மறுத்தன. மூன்றாவது டிரைவர் இறங்கி வந்து பார்த்தார்.

"இன்னா சார், புலி மாரி கீது! கடிக்குமா?"

"கடிக்காதுப்பா."

"அப்ப ஏறு. சீட்டு மட்டும் கலீஜ் ஆவக்கூடாது."

ராயபுரத்தில் அக்கா தேவாலயப் பூசை முடிந்து, பெல்லாவோடு வாசலில் தயாராக நின்றார். துறைமுகத்தில் கிளார்க் வேலை, கணீரென்ற குரல். அங்கிருந்து அதே டாக்சியில் எக்ஸ்ரே எடுக்கத் திருவொற்றியூர் கிளினிக்குக்குப் போனோம், ஆறு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் லாரிகள். தொழிற்சாலை ஆட்களுக்குப் படம் எடுக்கும் சின்ன கிளினிக் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இளம் கால்நடை டாக்டர் அதைக் கேட்டு வாங்கி நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலை செய்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மயக்க ஊசி போட்டு, நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முட்டிகளை உள்பக்கம் திருப்பிப் பிடித்தார். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் படம் பொய் சொல்லும் என்று ராணாவுக்கு இரண்டு தடவை எடுத்தார். ஈரம் சொட்டும் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ராணாவின் தொடை எலும்புத் தலை, கிண்ணத்துக்குள் பந்து போலக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பெல்லாவுக்குக் கிண்ணம் தட்டு போல் ஆழமில்லாமல், பந்து பாதி வெளியே நின்றது.

"ஹிப் டிஸ்பிளேசியா, இடுப்பு மூட்டு சரியாப் பொருந்தாத கோளாறு. இப்போ ஓடும். ஆனா குட்டிகளுக்கும் போகலாம். இதை ஈத்துக்கு விட வேண்டாம்மா," என்றார் டாக்டர்.

 நாய்ப்பண்ணை வைக்க வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை. அதற்கு அவர் நம்பியிருந்தது பெல்லாவை மட்டும்தான். மயங்கிக் கிடந்த அதன் காதைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் இது மூணு குட்டி போட்டுது தம்பி. ஒண்ணு எண்ணூர் காத்திவாக்கத்துல கீது. நாய்ங்க எழுந்துக்கறதுக்குள்ள போய் வந்துடலாமா?"

வெளியே காத்திருந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "வுடுக்கா, வாங்கறவனுக்கு இன்னா தெரியப்போவுது?"

"வாங்கறவனுக்குத் தெரியாது நைனா. குட்டிக்குத் தெரியும், எழுந்து நிக்கறப்ப."



காத்திவாக்கத்தில் மாரி வலை பின்னிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு இறால் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில் குட்டியைச் சும்மாவே கொடுத்திருந்தார் அக்கா. டைகர் என்று அவர் பேர் வைத்திருந்த அந்தக் குட்டி வாலை ஆட்டியது. எழுந்திருக்க மட்டும் இரண்டு முறை முயன்றது. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எந்தச் சமாதானமும் சொல்லவில்லை.

மாரி வலையைக் கீழே வைத்தார். "தோணில தாவ மாட்டேங்குதுக்கா. நான் சோம்பேறின்னு திட்டிகினு இருந்தேன்." டைகரின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். "வலிக்குதுன்னு சொல்லத் தெரியலயேடா உனக்கு."

அடுத்த ஞாயிறு தானே வந்து டைகரை டாக்டரிடம் கூட்டிப்போவதாக அக்கா சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி போனார். மற்ற இரண்டு குட்டிகளின் வீடுகளுக்கும் போய்ச் சொன்னார். ஒரு வீட்டில் திட்டு வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெல்லா கடைசிவரை அவரோடுதான் இருந்தது, மறுபடி குட்டி போடவில்லை. இரண்டு வருடம் கழித்து, படத்தில் தேறிய வேறொரு பெண் நாயை வாங்கிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பினார். ராணாவோடு மறுபடி ரயிலேறினேன். இந்த முறை கேள்வியே கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: மயக்க ஊசி உண்டு என்பதால் காலையில் நாய்க்குச் சாப்பாடு வேண்டாம். நன்றாகத் தெளிந்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஓட்டத்தையும் கோப்பையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாய்க்கும் படம் எடுங்கள். படம் மோசமாக வந்தால், அன்றைக்கே முந்தைய ஈற்றுக் குட்டிகள் வளரும் வீடுகளுக்குக் கிளம்புங்கள்.