அம்மோனியா அட்டவணையில் காலிக் கட்டம்

ரோஸ்லின் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தி.நகர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அவருடைய தம்பிதான் பேசினார். "அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்கண்ணா. நாளைக்கு சாந்தோம்ல பூசை, அடக்கம்." அநியாயம், போகிற வயசா அது?

உரத் தொழிலுக்கான எங்கள் மாத இதழில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் அம்மோனியா உற்பத்தியை ஒப்பிடும் அட்டவணை அவருடைய பொறுப்பு. அம்மோனியா இல்லாமல் யூரியா இல்லை, யூரியா இல்லாமல் வயல் இந்த விளைச்சல் தராது. அவரோடு பழகிய, எங்கள் இதழை வாங்கும் நண்பர்களான உங்களுக்கு இது தெரியும்.

எங்கள் பிழைப்பில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு நாட்டின் கணக்கு வராவிட்டால் போன மாத எண்ணையே திரும்பப் போட்டுவிடுவோம். யாரும் கேட்கமாட்டார்கள். ரோஸ்லின் மட்டும் கட்டத்தைக் காலியாக விடுவார். ஆசிரியர் ஒருநாள் எரிந்து விழுந்தார். "பக்கம் பொக்கைவாய் மாதிரி கீதும்மா. எதனா ஒண்ணு போடு." இவர் நிமிரக்கூட இல்லை. "ஆலை ஓடுதா நின்னுச்சான்னே தெரியல சார். ஓடுதுன்னு எப்படிப் போடுறது? இத நம்பிக்கினு சும்மா இருக்கவன் விதைக்கிற நேரத்துல உரத்துக்கு எங்க போவான்?"

ஒரு பக்கத்து நாட்டின் கட்டம் தொடர்ந்து காலியாகவே கிடந்தது. கடைசியில், அம்மோனியா தயாரிக்கத் தேவையான எரிவாயு கிடைக்காமல் அங்கே ஆலைகளை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. "அப்போ நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சந்தோஷப்படாதப்பா. நாம கேக்குற அதே உரக் கப்பல இனிமே அவங்களும் கேப்பாங்க. நமக்கும் அதே வாயுதான் வெளியேர்ந்து வரணும்." அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அட்டவணை என் தலையில் விழுந்தது. இரண்டு நாடுகளின் கணக்கு வரவில்லை; அதில் ஒன்று நம்முடையது. நம் ஊர் ஆலைகளைக் கூப்பிட்டால், "அப்புறம் சொல்றோம் சார்" என்று வைத்துவிடுகிறார்கள். எப்போதும் வளவளவென்று பேசுகிறவர்கள் இவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"போன மாசத்ததே போட்ருப்பா" என்றார் ஆசிரியர். ரோஸ்லினிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். கட்டங்களைக் காலியாகவே விட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இதழ் கைக்கு வரும்போது இந்தியாவுக்கு நேரே ஒன்றும் இருக்காது. அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.