ஆறெழுத்துக்காரர்

ஜூஜூவாடி வந்ததும் கிருஷ்ணப்பன் வேனை ஓரங்கட்டுவார். எஞ்சினை அணைக்க மாட்டார். இறங்கிப்போய், முன்பக்கக் கம்பியில் கட்டியிருக்கும் வேல் போட்ட பச்சைத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்துச் சீட்டுக்கடியில் வைப்பார். அங்கிருந்தே மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடியை எடுத்து அதே கம்பியில் கட்டுவார். ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகாது. அடுத்தது அத்திப்பள்ளி, கர்நாடகம். மாலையில் திரும்பும்போது இதே இடத்தில் துணி மறுபடி மாறும்.

"மாமியார் ஊட்டுக்குப் போறப்ப மாப்ள சட்டை மாத்தறதில்லீங்களா? அது மாதிரிதான்" என்பார்.

ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன். நான்கு வருடமாக டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டு என்னுடையது. சிங்காரப்பேட்டையில் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான் என்று என்றோ சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'பி.எஸ்ஸி. சார்'.

அவர் வீட்டில் தெலுங்கு. மனைவி மங்கம்மாவோடு செல்போனில் தெலுங்கில் சண்டை போட்டபடியே, செக்போஸ்ட் போலீசுக்குக் கன்னடத்தில் ஒரு கும்பிடு, எங்களுக்குத் தமிழில் ஒரு 'ஏறுங்க ஏறுங்க'. எந்த மொழியில் வைவது என்பதை முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்வார். மூன்று மொழி பேசும் அந்த மனிதர் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தெலுங்குப் பள்ளியில்.

முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், வைப்பர் எட்டாத இடத்தில், வெள்ளை ஸ்டிக்கரில் 'சத்யப்ரியா' என்று இருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் காட்டிய தாளை ஸ்டிக்கர் கடைக்கு எடுத்துப்போய், அந்தக் கையெழுத்திலேயே வெட்டச் சொன்னாராம். கோணலாக இருக்கிறது, நேராகப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாராம். "கோணலாவே போடுப்பா, அவ அப்பிடித்தான் எழுதனா" என்றாராம் இவர். தினமும் காலையில் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருகுவார். "எனக்குத் தெரிஞ்ச தமிழ் எழுத்தே இந்த ஆறுதான் சார்."

போன வருடம், 2007 பிப்ரவரியில், காவிரித் தீர்ப்பு வந்தது. பஸ்கள் நின்றன, எங்கள் கம்பெனி நிற்கவில்லை. கூட வரும் முத்துக்குமார், மதுரைப் பக்கத்துப் பையன், "அண்ணே, அந்தப் பேரு மேல ஒரு பேப்பர ஒட்டி விடுங்கண்ணே" என்றான்.

"கொடி துணி தம்பி. எத்தினி வாட்டி வேணும்னாலும் அவுக்கலாம். இது புள்ள பேரு."

அத்திப்பள்ளியில் கூட்டம் மறித்தது. கொடியைப் பார்த்து விட்டுவிடுவார்கள் என்றிருந்தோம். ஒருவன் கண்ணாடியிலிருந்த தமிழ் எழுத்தை நோக்கிக் கை நீட்டினான். "நன் மகள ஹெசரு அண்ணா" என்று மகளின் பெயருக்காகக் கன்னடத்தில் கெஞ்சினார் கிருஷ்ணப்பன். கம்பு இறங்கியது. கண்ணாடியின் மூலையில் சிலந்தி வலைபோல ஒரு விரிசல். திரும்பிப் போ என்றார்கள்.

திருப்பிய பதற்றத்தில் கொடியை அவிழ்க்க மறந்துவிட்டார். அவருக்கு அது முதல் தடவை. ஜூஜூவாடியில் இந்தப் பக்கத்துக் கூட்டம் நின்றிருந்தது.

"எந்த ஊருடா நீ?"

"இதே ஊருதாங்க. பொறந்ததே இங்கதான்."

"எங்க ஊர்ல பொறந்துட்டு அவன் கொடியா? தமிழனா இருந்தா இதப் படிடா."

கையில் ஒரு நோட்டீசைத் திணித்தார்கள். கிருஷ்ணப்பன் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். விரல் வரிவரியாக இறங்கியது. "இது ச... இது ய..." கூட்டம் சிரித்தது. "அதப் படிப்பேங்க, அதப் படிப்பேன்" என்று கண்ணாடியைக் காட்டினார். அறை விழுந்தது. கொடியைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள்.

அந்த நோட்டீசை வாங்கி நான் படித்திருக்கலாம். ஒரு பக்கம்கூட இல்லை. பதினைந்து வருடம் படித்த வாய் திறக்கவில்லை.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாளிலிருந்து வெறும் 'சார்' என்று கூப்பிடுகிறார். பி.எஸ்ஸி. போய்விட்டது.

வேன்களைக் கம்பெனிக்கு அமர்த்தித் தரும் முனிசாமி ஆள் அனுப்பினார்: "கண்ணாடியில எந்த எழுத்தும் இருக்கக் கூடாது. இருந்தா வேற வண்டி பாத்துக்கறேன்." வேனை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை பிளேடோடு வண்டி முன்னால் நின்று, எழுத்தின் ஓரத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் சத்யப்ரியா சுடுதண்ணீரோடு வந்து, "கண்ணாடி கீறிடும் நைனா, குடு, நான் எடுக்கறேன்" என்றாளாம்.

"அவளே சொரண்டினா சார். மொதல்ல புள்ளிங்கள எடுத்தா."

புதிதாக ஒரு மஞ்சள் சிவப்புக் கொடி வாங்கினார். பெயர் இருந்த இடத்தைத் தொடுவதில்லை. ஏறியதும் சாவியைத் திருகிவிடுகிறார்.

இன்று காலை ஓசூரில் கடும் பனி. ஜூஜூவாடியில் ஓரங்கட்டி இறங்கினார். துணியை மாற்றினார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். கண்ணாடியின் மேல் விளிம்பெல்லாம் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய கோந்து இருந்த தடத்தில் மட்டும் பனி பிடிக்கவில்லை. ஆறு எழுத்தும் கோணல் மாறாமல் தெரிந்தன.

விரல் பெயர்வரை போனது. பிறகு அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சீட்டுக்கடியிலிருந்து துடைக்கிற துணியை எடுத்து, ச-விலிருந்து தொடங்கி, அழுத்தித் துடைத்தார்.