காலி எடை

இதற்கு மூன்று எடைச் சீட்டுகள் சாட்சி. தேதியும் நேரமும் எடை மேடை இயந்திரமே அச்சடித்தவை, யாரும் கையால் எழுதியவை அல்ல. கதை கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் அவற்றை வாங்கிப் பார்க்கலாம்.

முதலில், யார் யார் எங்கே இருந்தார்கள் என்பது. டயர்க்கடையில் அன்று நான்கு பேர். டயர்க்காரர் குட்டை ஸ்டூலில், பின்சக்கரத்துக்கு நேர் எதிரே. பிக்கப்பின் சொந்தக்காரன் பழைய டயர் அடுக்கின் மேல். அவன் மனைவி வண்டியின் முன்சீட்டில். அவளுடைய தம்பி பின்தொட்டியில், இடது சக்கரத்துக்கு மேலே தகரம் புடைத்து நிற்குமே, அந்த மேட்டில். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அந்த மேடுதான் எப்போதும் அவன் ஆசனம்.

பழைய இரும்பு ஏற்றுவது அவர்கள் தொழில். இரும்புக் கிடங்குக்குப் போகிற பாதையில் கல் இடித்து வண்டியின் அடிவயிறு நசுங்கிப்போயிருந்தது. விளம்பரம் பார்த்துக் கடிதம் போட்டு, இரண்டு அங்குலம் பெரிய சக்கரங்களை வெளியூரிலிருந்து வரவழைத்தான் சொந்தக்காரன். சக்கரங்களோடு விற்றவரின் கடிதமும் வந்தது.

‘ஐயா, நான்கும் நல்ல சக்கரங்கள். ஒரு குறையும் இல்லை. மாட்டியபின் வண்டியின் காலி எடை ஐம்பத்தைந்து கிலோ கூடும். பெரிய சக்கரம் அல்லவா.’

டயர்க்காரர் பழையதைத் தூக்கிப் பார்த்தார். புதியதைத் தூக்கிப் பார்த்தார்.

“பழசு இரும்பு. இது அலாய். ரெண்டும் ஒரே கனம்தான். எங்கேருந்து அம்பத்தஞ்சு கூடும்?”

“உங்க கை என்ன தராசா அண்ணே?” என்றான் ரேடியோ.

“முப்பது வருஷமா இதைத்தான் தூக்குறேன்.”

முன்சக்கரம் முழுக்கத் திரும்பும்போது உரசிய பிளாஸ்டிக்கை அவர் வெட்டி எடுத்தார். நட்டுகளை எதிரெதிராக முறுக்கினார். கடைசியில் பின்சக்கரங்களுக்கு மேலே விரல் வைத்து அளந்தார். வலது பக்கம் மூன்று விரல் இடைவெளி. இடது பக்கம் இரண்டு.

“தம்பி, நீ இறங்கு.”

ரேடியோ இறங்கினான். மறுபடி அளந்தார். இரண்டு விரல்தான்.

அன்று மாலை 3.10. கிடங்கின் எடை மேடை. காலி எடைக்கு ஓட்டுபவனைத் தவிர எல்லோரும் இறங்க வேண்டும். ரேடியோ வேண்டுமென்றே இறங்காமல் இருந்தான். திரையில் 1745.

“இறங்குங்க சார், விளையாடாதீங்க” என்றார் எடை போடுபவர்.

இறங்கினான். 1675. போன வாரச் சீட்டில் 1620.

“இன்னும் ஒருத்தர் இருக்காங்களா?”

“பெரிய சக்கரம் சார்” என்றான் சொந்தக்காரன். அப்படித்தான் அவன் நம்பினான்.

மறுநாள் ரேடியோ இடம் மாறி வலது மேட்டில் உட்கார்ந்தான்.

“என்னடா, சிம்மாசனத்தை விட்டுட்ட?”

“தகரம் சூடா இருக்கு மாமா. யாரோ உக்காந்துட்டு இப்பதான் எழுந்த மாதிரி.”

வண்டி அதுவரை நிழலில் நின்றிருந்தது.

மூன்றாம் நாள் ரேடியோ பேசவே இல்லை. அக்கா கேட்டதற்கு, “நான் பேசினா அந்தப் பக்கம் மூச்சு விடுற சத்தம் நின்னுடுது” என்றான். அவள் சிரித்தாள்.

நான்காம் நாள். மாலை 4.25. வெயில் நன்றாக இருந்தது.

இடது பின்பக்கம் சர்க்... சர்க்... என்று உரசல். தொட்டியில் பாரம் ஏதுமில்லை.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தொட்டியில் இருப்பவன் கேபின் கூரையில் இரண்டு தட்டு தட்டினால், நிறுத்து. ஒரு தட்டு என்றால், போ. பதினோரு வருஷமாக அது பிசகியதில்லை.

டொக், டொக்.

நிறுத்தினான். ரேடியோ குதித்து இறங்கினான்.

“மாமா, எங்க உரசுதுன்னு பாத்துடுறேன். அசையாதீங்க.”

கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. குனிந்தான். பிறகு தெரியவில்லை.

ஒரு நிமிஷம்...

டொக்.

ஒரே தட்டு. தலைக்கு நேர் மேலே.

அவன் கிளட்சை விட்டான்.

சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

பெரிய சக்கரம். சுலபமாகவே ஏறியது.

“என் தம்பிதான் தட்டினான், நானும் கேட்டேன்” என்று மனைவி போலீஸில் சொன்னாள். “சக்கரத்துக்கு அடியில தலைய விட்டிருந்தவர் கூரையில எப்படிம்மா தட்டுவார்?” என்று கேட்டார்கள்.

காரியங்கள் முடிந்ததும் அவன் விற்றவருக்கு எழுதினான். ஒரே கேள்விதான் எழுதினான். அந்த ஐம்பத்தைந்து கிலோ என்ன? ஒன்பதாம் நாள் ஒரு கார்டு வந்தது.

‘என் மனைவி. அவளும் உரசலைப் பார்க்கத்தான் குனிந்தாள். இப்போது எடை போட்டுப் பார்த்தீர்களா?’

போட்டுப் பார்த்தான். காலை 11.40. வண்டியில் அவன் மட்டும்.

எடை போடுபவர் தலை நிமிரவில்லை. “பின்னாடி இருக்கிறவங்களை இறங்கச் சொல்லுங்க.”

1745.

அந்தச் சீட்டை மனைவி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் தொட்டியில் ஏறி வலது மேட்டில் உட்கார்ந்துகொள்வாள். எதிரே இடது மேட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்தாள்.

“ஏங்க, சக்கரத்தைக் கழட்டிடாதீங்க. அப்புறம் அவன் எங்க உக்காருவான்?”

அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் ஒரு நாள் அவள் இறங்கி வந்து, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“இடது பக்கம் இன்னும் உரசுதாம். என்னைக் குனிஞ்சு பாக்கச் சொல்றான்.”

விடிவதற்குள் நான்கையும் கழற்றித் தகரக் கொட்டகையில் அடுக்கினான். டயர்க்காரர், “உடைச்சுக் குழியில போட்டு மூடுங்க” என்றார். நல்ல அலாய். உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. விளம்பரம் கொடுத்தான்.

ஒருவர் எழுதியிருந்தார். ‘என் பிள்ளைகள் இருவருக்கும் தொட்டியில் உட்கார்ந்து வரத்தான் ஆசை. உயரம் கூடினால் பயமில்லையே?’

அதை இரண்டு முறை படித்தான். பக்கத்து அறையில் மனைவி தூங்குவது கேட்டது. பேனாவை எடுத்தான்.

‘ஐயா, பயமில்லை. நான்கும் நல்ல சக்கரங்கள். ஒரு குறையும் இல்லை. மாட்டியபின் வண்டியின் காலி எடை நூற்று இருபத்தைந்து கிலோ கூடும். பெரிய சக்கரம் அல்லவா.’

கையெழுத்துப் போட்டான். மடித்தான். உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினான். தபால் தலையை நேராக ஒட்டினான்.

ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

கொட்டகைத் தகரத்தில்...

டொக்.

ஒரே தட்டு.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டான்.