பன்னிரண்டு மணிச் சங்கு

பர்மா யுத்தத்தில் நர்ஸாக இருந்து ராயபுரம் திரும்பிய என் மனைவி மரகதம், மத்தியானம் ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் தினமும் வெளியே ஓடிவிடுவாள். வலை பின்னும் மாரியின் குடிசைக்குத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் சந்தேகப்பட்டேன். அவள் போன நாட்களைப் பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டாம் நாள், அவளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடும் முடிவோடு பின்தொடர்ந்தேன்.

சங்கு அலறியது. குடிசையில் வலைக்குவியலுக்குள் காதைப் பொத்திக்கொண்டு அவள் நடுங்கினாள். எட்ட உட்கார்ந்து மாரி எண்ணிக்கொண்டிருந்தான்: "பதினெட்டு, பத்தொம்போது... குண்டு இல்லம்மா, சங்குதான். நாப்பதுல நின்னுடும்." இருபதில் நடுக்கம் அடங்கியது.

அவன் என்னைப் பார்த்தான். "இன்னா நைனா, வூட்ல வெங்காயத்தக்கூட எண்ணுவியாமே, இத்த எண்ணக்கூடாதா?"

இப்போது தினமும் நானே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். அவன் எண்ணியபோது இருபதில் அடங்கிய அவள் நடுக்கம், நான் எண்ணும்போது முப்பத்திரண்டில்தான் அடங்குகிறது. நேற்று முப்பத்தொன்று.