எந்தக் கண்மாய் என்று சொல்ல மாட்டேன்

மாசி பிறந்து பனி மெலிந்துவிட்டால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். மதுரைத் தெருக்களில் வேம்பு பழைய இலையை உதறிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். காலையில் குளிரும், பத்து மணிக்குச் சுடும். அந்த நாட்களில் ஓர் ஆளை நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

போன மாதம் ஒருவர் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், கதர்ச் சட்டை, புதுத் துப்பாக்கி. "அந்தக் காலத்துல நீங்க வாத்துக் கூட்டம் பார்ப்பீங்களாமே, எந்தக் கண்மாய் சார்?" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பினேன். கண்மாயின் பெயரைக் கொடுக்கவில்லை. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். துப்பாக்கிகள் இங்கேயே இருக்கின்றன.

உங்களுக்கும் சொல்ல மாட்டேன். சமயநல்லூர்ப் பக்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திருவாதவூர்ப் பக்கம் என்று நினைத்தாலும் சரி. நான் தலையை ஆட்டப் போவதில்லை. ஏன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவன் கோரிப்பாளையத்துக்காரன், தர்காவுக்குப் போகிற வழியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அடுத்தவர் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டாலே வியர்க்கும் சுபாவம், கையில் பென்சில் இருந்தால் மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டார். மூன்றாவது நான். வடக்கு மாசி வீதியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மூன்று சைக்கிள்கள் வைகைப் பாலத்தின் வடகரையில் கூடும். கடைக்காரனின் அக்கா கட்டிக் கொடுத்த ரொட்டியும் கறியும், வாத்தியார் வீட்டுப் புளிச்சோறும், என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் ஒரே பையில் போகும். திரும்பும்போது எது யாருடைய வாயில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இதற்கு எங்கள் உறவில் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் அமைதியாக இருந்தன.

எங்களிடம் ஒரு குழாய் இருந்தது. துரைமார் வைத்திருக்கும் இரட்டைக் கண் பைனாகுலர் வாங்க எங்களுக்கு வக்கில்லை. கடைக்காரன் தன் கடையிலிருந்தே ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து முன்பக்கம் வைத்தான். எழுத்தைப் பெரிதாக்கும் பூதக்கண்ணாடியைப் பின்பக்கம் வைத்தான். நடுவே தகரக்காரனிடம் சுருட்டி வாங்கிய இரண்டு முழக் குழாய், உள்ளே கரி பூசிய காகிதம். தூரத்துக் கொக்கின் கண் அதில் மிளகு மாதிரித் தெரியும். ஒரே ஒரு குறை. எல்லாம் தலைகீழாகத் தெரியும். தண்ணீர் மேலே, வானம் கீழே, நடுவில் கால் மேலாக நிற்கும் நாரை. பறவை இடது பக்கம் பறந்தால் குழாயில் வலது பக்கம் பறக்கும். அதைத் துரத்திக் குழாயைத் திருப்பிப் பழகிய கை, ஊருக்குள் சைக்கிள் ஓட்டும்போதும் சில சமயம் எதிர்ப்பக்கம் திரும்பும்.

"இன்னொரு கண்ணாடி போட்டா நிமிந்துரும் மாப்ள. ஆனா மங்கிரும்" என்பான் கடைக்காரன். "உனக்கு நேரா வேணுமா, தெளிவா வேணுமா?"

தெளிவு போதும் என்று முடிவு செய்தோம். வாத்தியார் குழாயில் பார்த்தபடியே தலைகீழாக வரைவார், பிறகு தாளைத் திருப்பிக் கொடுப்பார். பறவை எழுந்து நிற்கும்.

அந்தக் கண்மாயை நாங்கள் கண்டது ஒரு மாசி ஞாயிறு. கரை ஏறினோம். நீருக்குள் நின்ற கருவேல மரங்களெல்லாம் காய்த்துத் தொங்குவது போல் நாரைகள். கூழைக்கடாக்கள் அலகுப் பையை ஆட்டிக்கொண்டு குஞ்சுகளைத் திட்டின. நடுத்தண்ணீரில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள், வடக்கே எங்கோ பனிமலையைத் தாண்டி வந்தவை, திரும்பிப் போக வேண்டிய நாளுக்காகத் தின்றுகொண்டிருந்தன. எச்சத்தின் நாற்றமும் ஈரமண் வாசனையும் கலந்த அந்தக் காற்றை நான் இன்னும் எந்தக் கோயிலிலும் மூச்சிழுக்கவில்லை.

"யாருய்யா நீங்க?"

மண்வெட்டியைத் தோளில் போட்டபடி ஒருவர் நின்றார். கண்மாயின் நீர்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதும் அவர் பொறுப்பு. நாங்களோ பறவை மிரளக் கூடாதென்று காக்கி டவுசர் போட்டிருந்தோம். கடைக்காரன் முதுகில் சாக்கு சுற்றிய நீளக் குழாய். அது எப்படித் தெரியும் என்று மூன்று புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"துப்பாக்கிய எறக்கி வைங்க" என்றார்.

"துப்பாக்கி இல்லண்ணே, கண்ணாடிக் குழாய்" என்றேன்.

"கொக்கு புடிக்க வந்தீகளா?"

"இல்லண்ணே. பாக்க."

"பாத்து?"

"பாத்துட்டுப் போவோம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத் தூரம் சைக்கிள மிதிச்சு வந்து, கொக்கப் பாத்துட்டு, சும்மா போவீக. இத நான் நம்பணும்?"

நம்ப வைக்கிறேன் பேர்வழி என்று கடைக்காரன் சாக்கைப் பிரித்துக் குழாயை அவர் கண்ணில் வைத்தான். எங்களுக்குப் பழகிப்போன விஷயம், முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற நினைவே வரவில்லை. நீர்பாய்ச்சி பார்த்தார். வாய் திறந்தது. குழாயை இறக்கினார், கண்மாயைப் பார்த்தார், மறுபடி ஏற்றினார்.

"கண்மா கவுந்துருச்சே!"

களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பங்குனி வரை நிற்க வேண்டிய தண்ணீர் அது. வயல் இன்னும் பாதிக் கதிர்கூடத் தள்ளவில்லை. அந்த நேரத்தில் தண்ணீரை வானத்தில் தொங்கவிட்டுக் காட்டினால் யார்தான் பொறுப்பார்கள்? குழாயை மடைக்குள் போட்டு மண்ணால் மூடுவது என்று அங்கேயே தீர்மானமாயிற்று. கடைக்காரன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்மா கவுரல மாமா. கண்ணாடி அப்பிடிக் காட்டுது. எதப் பாத்தாலும் அப்பிடித்தான் காட்டும். இந்தா, இந்தக் கல்லப் பாரும்" என்று அருகிலிருந்த ஒரு கல்லைக் காட்டினான்.

அது மடைக்கருப்பு. கண்மாயைக் காக்கும் சாமி. குழாயில் கருப்பும் அரிவாளோடு தலைகீழாக நின்றார்.

"அடப்பாவி, கருப்பையே கவுத்துட்டியேடா!"

அன்றைக்கு எங்கள் எலும்பு தப்பியது ஒரு பெண்ணால். களைக்கொத்தோடு வந்தவர், குழாயைப் பிடுங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு வெறுங்கண்ணால் கல்லைப் பார்த்தார். "கருப்பு கவுந்திருந்தா அவரு தலையில வச்ச பூ கீழ விழுந்திருக்காதா? பூ வச்ச எடத்துலயே இருக்கு. கண்ணாடிதான் கிறுக்கு" என்றார். அப்புறம் குழாயை வரப்பில் நின்ற தன் புருஷன் பக்கம் திருப்பி, "நம்ம ஆளு எப்பவும் தலைகீழாத்தான் நிப்பாரு, இதுலயாச்சும் நேரா தெரியிறாரான்னு பாப்போம்" என்றார். சிரிப்பு கரை முழுக்க ஓடியது. குழாய் கடைக்காரன் கைக்குத் திரும்பியது.

நீர்பாய்ச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, மந்திரம் இல்ல. அப்ப வேவு பாக்க வந்திருக்கீக. இங்க பறவ கெடக்குன்னு போய்ச் சொல்லுவீக. துரைமாரு வண்டி கட்டி வருவான். எங்காளுகளையே தண்ணிக்குள்ள எறக்கிக் கலைக்கச் சொல்லிச் சுடுவான். பக்கத்து ஊரு கண்மாயில அதான் நடந்துச்சு. ஒரே மாசி. மறு மாசி ஒரு கொக்கு வரல. இதுக எச்சம் விழுற தண்ணிதான்யா எங்க வயலுக்கு எரு."

"நாங்க சொல்ல மாட்டோம்" என்றார் வாத்தியார்.

"சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. நான் மேற்கே ஏர் பிடிக்கும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவன். எங்கள் பக்கம் பாகப்பிரிவினைத் தகராறில்கூட அதற்குத் துணிய மாட்டார்கள். மாறினால் வம்சம் விளங்காது என்பார்கள். கோர்ட்டில் தினம் சத்தியம் பார்க்கிற குமாஸ்தா நான், உள்ளங்கையை டவுசரில் துடைத்துக்கொண்டேன். அணைத்தேன். வாத்தியாரும் அணைத்தார், பென்சில் பிடிக்கும் கையை ஒதுக்கிவிட்டு இடது கையால்.

கடைக்காரன் நகரவில்லை. "நான் அணைக்க மாட்டேன் மாமா. உங்க சாமிக்கு மரியாதக் கொறச்சல் இல்ல. எனக்கு முறையில்ல. அல்லா பேர்ல சொல்றேன், நம்புனா நம்பும்."

எல்லோரும் நீர்பாய்ச்சியின் முகத்தைப் பார்த்தோம். அவர் மண்வெட்டியைக் கைமாற்றினார்.

"இங்க வந்து நில்லு. கருப்பு முன்னால நின்னு உங்க சாமி பேரச் சொல்லு. ரெண்டு பேரும் கேக்கட்டும்."

அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் எங்களுக்கு மோர் கிடைத்தது.

மறு வருஷ மாசியில்தான் அந்தச் சத்தியத்துக்குச் சோதனை வந்தது. என் வக்கீலுக்கு ஒரு துரை பெரிய கட்சிக்காரர். துரைக்கு வாத்து வேட்டையில் மோகம். வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமையானா நீ குருவி பாக்கப் போறியாமே. எங்க வாத்து நெறைய இருக்கு?"

"தெரியும் சார். சொல்றதுக்கில்ல."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஒரு கண்மாய் பேருய்யா. கோர்ட்டு ரகசியமா?"

"கோர்ட்டு ரகசியம்னா இந்நேரம் வெளிய வந்திருக்கும் சார்."

சிரிப்பு நின்றது. சத்தியம் செய்திருக்கிறேன் என்றேன், எதன் முன்னால் என்றும் சொன்னேன்.

"ஒரு கல்லு முன்னால பண்ணதெல்லாம் சத்தியமா?"

"நீங்க கட்சிக்காரன ஒரு மரக்கூண்டுக்குள்ள நிப்பாட்டித்தானே பண்ணச் சொல்றீங்க சார்."

அவர் முன்னால் கிடந்த கேஸ் கட்டை இழுத்துக் கட்டினார். "துரை சனிக்கிழமை கேப்பாரு. அதுக்குள்ள பேரு வரணும். இல்ல, திங்கக்கிழமை உன் எடத்துல வேற ஆளு" என்றார்.

சனிக்கிழமை மாலை மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், படியில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் தெருவுக்கு வந்ததும் கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி வரைக்கும் விறுவிறுவென்று நடந்தேன். வேம்பு துளிர்த்திருந்தது.

வீட்டில், "கொக்குக்காக வேலைய விட்ட மனுசன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதான்" என்றாள் மனைவி. குழம்பை ஊற்றினாள், உப்பு கொஞ்சம் கூடுதல். மாமனார் வீட்டில் எனக்குக் கொக்கு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்தது. பிறகு கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிப் பிழைத்தேன். ஊராருக்கு எழுதிக் கொடுத்த கோபமான மனுக்களில்தான் என் எழுத்து நடை பழகியது என்று சொன்னால் இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வேலையை விட்ட மறுநாள் ஞாயிறு. மூன்று சைக்கிள்களும் கிளம்பின. வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். வாத்தியார் பெடலை நிறுத்திவிட்டார். கடைக்காரனுக்குக் கோபம்.

"கிறுக்கா மாப்ள உனக்கு? வேற ஒரு கண்மா பேரச் சொல்லி அனுப்பிருக்கலாம்ல? சத்தியமும் நின்னுருக்கும், வேலையும் நின்னுருக்கும்."

"அங்கயும் பறவ இருக்குமே."

அவன் பெடலை அழுத்தினான். கொஞ்ச தூரம் மிதித்த பிறகு, "ரொட்டி இன்னிக்கு உனக்கு ஒண்ணு கூட" என்றான்.

கண்மாய்க்கரை ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் கடன்பட்டதாக ஆகிவிடும். சாயங்காலம் மேற்குக் கரையில், சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தோம். நீர்பாய்ச்சி மடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்ன, கண்மா இன்னிக்காச்சும் நேரா இருக்கா?"

"கவுந்துதாண்ணே இருக்கு."

"இருக்கட்டும். தண்ணி சிந்தலேல்ல."

அப்போதுதான் பட்டைத்தலை வாத்துகள் எழுந்தன. முதலில் தண்ணீர் உடைகிற சத்தம், பிறகு தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்தக் கரகரப்பு. ஒருமுறை எங்கள் தலைக்கு மேல் சுற்றி, கண்மாயின் அக்கரை ஓரமாக நீண்ட வரிசை கட்டி, இடது பக்கம், வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவ்வளவுதான், இந்த வருஷத்துக்கு முடிந்தது. துரை இனி யாரைக் கேட்டு வந்தாலும் வெறும் தண்ணீரைத்தான் சுட வேண்டும்.

கடைக்காரன் குழாயை என்னிடம் நீட்டினான். பார்த்தேன். தண்ணீர் மேலே இருந்தது, வானம் கீழே இருந்தது, வாத்துகள் வலது பக்கம், தெற்கே, அப்போதுதான் வந்து இறங்கப் போகிறவை போல் பறந்துகொண்டிருந்தன.

"எங்க போகுதுக?" என்று கேட்டார் நீர்பாய்ச்சி.

"இதுல வந்துக்கிட்டிருக்குண்ணே" என்று குழாயை அவர் கையில் கொடுத்தேன்.