ஸ்டீபன் போட்ட பூட்டு

போன சனிக்கிழமை மத்தியானம் ரெஜினா குளுவாங்கிலிருந்து வந்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம். முகத்தில் ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, எல்லாத்தையும் திருப்பி எடுத்திரலாம்தானே?"

"எடுத்திரலாம், ரெஜினா. முதல்ல சாப்பிடுங்க" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தது!

எதைத் திருப்பி எடுக்க? சொல்கிறேன்.

ரெஜினா, என் நண்பர் ஸ்டீபனின் மனைவி. ஸ்டீபன் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு காலத்தில் நாங்கள் மூவரும் ஒரே பஸ். எல்லைக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் விடிவதற்கு முன்பே ஏறுவோம். பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வாசலில் இறங்குவோம். ஸ்டீபனும் நானும் கம்ப்யூட்டர் பிரிவு. ரெஜினா அசெம்பிளி லைன்.

அந்த பஸ்ஸை நினைத்தால் இப்போதும் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்று வாசனைதான் முதலில் வருகிறது. குடிநுழைவுச் சாவடியில் வண்டி நகராது. பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். மீதிப் பேர் பேசுவார்கள். என்ன பேச்சு! யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த சூப்பர்வைசர் யாரை முறைத்தார், தைப்பூசத்துக்கு யார் யார் லீவு...

"இவ்வளவு பேச்சும் காத்துல போவுதே" என்று ஒருநாள் ஸ்டீபன் வருத்தப்பட்டார். வருத்தத்தோடு நிற்கவில்லை. எங்கள் பஸ்ஸுக்கு ஒரு வெப்சைட் ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸுக்கு வெப்சைட்! கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் அதே ஆட்கள்தான் போட்டோ போட்டார்கள், கவிதை எழுதினார்கள், சண்டையும் போட்டார்கள். தமிழில் அடித்தால் பாதிப் பேர் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். 'வாழைப்பழம்' என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம்.

அதைவிடப் பெரிய விஷயம் — ஸ்டீபன் ஆளுக்கொரு மெயில் முகவரி கொடுத்தார். முதலில் நம் பெயர், பின்னால் எங்கள் பஸ்ஸின் பெயர். லைனில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு மெயில்! முருகையா என்பவர் அந்த முகவரியைப் போட்டு விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார். யாரிடம் கொடுத்தார் என்பது இன்றுவரை தெரியாது.

ஸ்டீபனும் ரெஜினாவும் காதலித்தது அந்த மெயிலில்தான். பஸ்ஸில் சில வரிசை தள்ளி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டார்களாம். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். தினமும் கூடவே போய் வந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை பாருங்கள்!

பிறகு என்ன... ஆளுக்கொரு திசை. ஆனால் ஸ்டீபன் மட்டும் அந்த சைட்டை மூடவே இல்லை. யாரும் எழுதாத சைட்டுக்கு ஒழுங்காக பேக்கப் எடுத்துவைத்துக்கொண்டே இருந்தார்.

போன மாதம் அந்தப் பழைய சர்வர் படுத்துவிட்டது. எழுப்ப முடியவில்லை. நல்லவேளை, பேக்கப் கோப்புகள் வேறு இடத்தில் இருந்தன. நான் புது சர்வர் எடுத்தேன். வெப்சைட், மெயில் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க அதில் ஒரு கன்ட்ரோல் பேனல் உண்டு. அதையும் புதிதாக நிறுவினேன். இனி பேக்கப்பை ஏற்றினால் போதும். அதற்காகத்தான் ரெஜினா பஸ் ஏறி வந்திருந்தார்.

கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

பேனல் பாஸ்வேர்ட் கேட்டது.

"ஸ்டீபன் இந்த பேக்கப்புக்குப் பூட்டு போட்டு வச்சிருக்காரு" என்றேன். "என்னவா இருக்கும், ரெஜினா?"

ரெஜினா சிரித்தார். "அவர்தானே? ஈசிலா. எங்க கல்யாண நாள் போடுங்க."

இல்லை.

மகள் பெயர். இல்லை. பழைய கார் நம்பர். இல்லை. வீட்டு நாயின் பெயர், அவர் அம்மா பிறந்த ஊர், அவருக்குப் பிடித்த கால்பந்துக் குழு... இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் ரெஜினாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன். அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையேக்கா."

பாஸ்வேர்ட் தெரியாததற்கும் மனிதரைத் தெரியாததற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லலாம். அழுதுகொண்டிருப்பவரிடம் அது எடுபடுமா? தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பேனலின் உதவிப் பக்கத்தைப் படித்தேன்.

அதில் இருந்தது! பாஸ்வேர்ட் மறந்துவிட்டால், 'பாஸ்வேர்ட் தருகிறேன்' என்ற குறியை எடுத்துவிட்டு மேலே போகலாம். பக்கங்கள், படங்கள், மெயில்கள் எல்லாம் வந்துவிடும். ஆனால் சைட்டையும் மெயிலையும் பயன்படுத்துபவர்களின் பாஸ்வேர்டுகள் மட்டும் பழையபடி வராது. பேனலே புதிதாக எதையாவது போட்டுவிடும். சில தகவல்கள் சரியாக வராமலும் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வேறு.

"போகட்டுமா?" என்று கேட்டேன்.

ரெஜினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "போங்க."

திரையில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு மெதுவாக நகர்ந்தது. ரம்புத்தான் தோல் மேசையில் குவிந்தது. பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று வந்ததும் சைட்டைத் திறந்தேன். எங்கள் பஸ்! ஜன்னலோரம் தூங்கும் முருகையா. பின்சீட்டில் பல் தெரியச் சிரிக்கும் நான் — அப்போது எனக்கு இவ்வளவு தலைமுடி இருந்ததா? ரெஜினா திரையைத் தொட்டே பார்த்தார்.

இந்த வாரம் முழுக்க எனக்கு ஃபோன் வேலைதான். எல்லாருடைய பாஸ்வேர்டும் மாறிவிட்டதே, கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா? முருகையா இப்போது மெர்சிங்கில் படகு ஓட்டுகிறார். "அலமாக்! அந்த சைட் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கத்தினார். விசிட்டிங் கார்ட் இன்னும் மிச்சம் இருக்கிறதாம். ஸ்டீபனின் பூட்டு மட்டும் திறந்திருந்தால், சத்தியமாக நான் ஒருவரையும் கூப்பிட்டிருக்க மாட்டேன். எதற்குக் கூப்பிடப்போகிறேன்?

ஆனால் முதல் பாஸ்வேர்ட் போனது ரெஜினாவுக்குத்தான். அன்றைக்கே கேட்டேன். "ஸ்டீபன் மெயில் பெட்டிக்குப் புது பாஸ்வேர்ட் போட்டுத் தரவா? திறந்து பார்க்கலாம்."

ரெஜினாவின் கை லேப்டாப் பக்கம் பாதி தூரம் வந்தது. நின்றது.

"வேணாங்க்கா. அவர் இருக்கறப்ப அவர் ஃபோனைக்கூட நான் எடுத்துப் பார்த்ததில்ல." ரம்புத்தான் தோல்களை ஓரமாக ஒதுக்கினார். "என் பெட்டி இருக்குமா?"

"உங்க பெட்டியா?"

"ஆமா. நம்ம பஸ்ல எனக்கும் ஒண்ணு குடுத்தாரே. கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்வேர்டை மறந்துட்டேன். அவர் எனக்குன்னு எழுதினது எல்லாம் அதுலதானே இருக்கும்? எனக்கு அது போதும்."

தேடினேன். இருந்தது. நிறையவே இருந்தது. ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. புது பாஸ்வேர்ட் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்களேன்."

மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் — பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் எப்படியும் புள்ளிகள்தான் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.